டபுள் எட்ஜ் பிளேடு: ஷேவிங்குக்கும் ஃப்ளை கட்டவும் ஒரே பெட்டி போதுமா?

கொக்கிமுனை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வேலைக்கு டபுள் எட்ஜ் பிளேடு (ரெண்டு பக்கமும் முனை உள்ள மெல்லிய பிளேடு) வாங்கணும். ஒண்ணு, சேஃப்டி ரேசர்ல தினசரி ஷேவிங். இன்னொண்ணு, மான் முடியைச் சுழட்டிக் கட்டுற ஃப்ளைகளோட (மீனை ஏமாத்தத் தூண்டில் கொக்கியில முடியும் நூலும் சுத்திச் செய்யுற பொய் இரை) தலையைச் செதுக்குறது. மட்லர் மின்னோ, டால்பெர்க் டைவர், பாஸ் பக் இந்த ரகம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பிராண்டுல 100 பிளேடு பெட்டி எடுத்துடலாமா? முகத்துக்கு மழுங்கினதை ஃப்ளை மேசைக்கு மாத்திக்கிட்டா வீணாகாதுங்கிறது கணக்கு. இதுல எங்க தப்பு வரும்?

நுரைக்கிண்ணம் எழுதியது:

100 பெட்டி இப்ப வேண்டாம். முதல்ல நாலஞ்சு பிராண்டுல அஞ்சு பிளேடு பாக்கெட் ஒவ்வொண்ணு வாங்குங்க. ஷேவ் நல்லா வருமா வராதாங்கிறதை பிளேடு மட்டும் தீர்மானிக்கிறதில்லை. ரேசரோட தலையில பிளேடு எவ்வளவு வெளிய நீட்டிட்டு நிக்குது, காப்புப் பட்டைக்கும் முனைக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு, உங்க தாடி எவ்வளவு முரடு, தோல் எவ்வளவு மென்மை, இது எல்லாம் சேர்ந்துதான். ஃபெதர் மாதிரி மிகக் கூர்மையான பிளேடை மென்மையான ரேசர்ல போட்டா வெண்ணெய் மாதிரி ஓடும். அதையே இடைவெளி அதிகமுள்ள முரட்டு ரேசர்ல போட்டா கழுத்துல செவந்து போகும். டெர்பி எக்ஸ்ட்ரா மாதிரி சாதுவான பிளேடு மெல்லிய தாடிக்கு இதமா இருக்கும், முரட்டுத் தாடியில பிடிச்சு இழுக்கும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. அதே ரேசர், அதே சோப்பு, அதே கோணம். கைப்பிடி தோலுக்கு ஏறத்தாழ 30 டிகிரி, அழுத்தமே கூடாது, ரேசரோட எடையே போதும். ஒவ்வொரு பிராண்டுலயும் ரெண்டு பிளேடாவது பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். முதல் ஷேவை வெச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. பல பிளேடுகள் முதல் ஷேவுல கொஞ்சம் கடுமையா இருந்து, ரெண்டாவதுலதான் சமாதானமாகும். பொதுவா ஒரு பிளேடு மூணுலேர்ந்து ஏழு ஷேவ் வரைக்கும் வரும். இழுக்க ஆரம்பிச்ச அன்னிக்கே மாத்திடணும்.

மான்முடிக்கட்டு எழுதியது:

தம்பி, ஷேவிங் கணக்கை அவர் சொல்லிட்டார். ஃப்ளை பக்கம் கேள்வியே வேற. முகத்துல பிளேடு ரேசருக்குள்ள இறுக்கமா உக்காந்திருக்கும், நீங்க அதை வளைக்கிறதில்லை. மான் முடியைச் செதுக்கும்போது பிளேடைப் பாதியா உடைச்சு, ரெண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு, வில்லு மாதிரி வளைச்சு வெட்டுறோம். ஆக இங்க முக்கியம் எவ்வளவு வளையும், வளைச்சா வெடிக்குமா, உடைச்ச இடம் சுத்தமா இருக்குமா என்பது. கூர்மை அதுக்கு அப்புறம்தான். பெட்டியில இருந்து வர்ற புது பிளேடு எதுவுமே மான் முடிக்குப் போதுமான கூர்மைதான்.

வேலை இப்படிப் போகணும். தலையைக் கட்டி முடிச்சு, முடிச்சுப் போட்டு, நூலை வெட்டிட்டீங்க. இப்ப முடியெல்லாம் பந்து மாதிரி நாலா பக்கமும் நிக்குது. ஃபோர்செப்ஸ்ல பிடிச்சு, கொதிக்கிற கெட்டில் மூக்குக்கு மேல கொஞ்ச நேரம் ஆவி காட்டுங்க. படுத்துக் கிடந்த முடியெல்லாம் எழுந்து நிக்கும். முழுசா காய விடுங்க. ஈரத்தோட வெட்டினா பிளேடு முடியைத் தள்ளிக்கிட்டுப் போகும், காஞ்சதும் அளவு மாறிடும்.

வெட்ட ஆரம்பிக்கிறது எப்பவுமே அடிப்பக்கம். பிளேடை நேராப் பிடிச்சு, கொக்கிக் கண்ணுல இருந்து பின்னோக்கி, தண்டுக்கு (கொக்கியோட நேர் கம்பி) இணையா ஒரே தட்டையா வெட்டணும். கொக்கி முனைக்கும் தண்டுக்கும் நடுவுல இடம் திறந்திருந்தாதான் மீன் மாட்டும். ரொம்ப ஒட்டிப் போகக் கூடாது. அடியில இறுக்கமா நிக்கிற நூலை முனை தொட்டாப் போதும், தலை மொத்தமும் அவிழ்ந்து கையோட வந்துடும். ஜெல் ஸ்பன்ங்கிற வலுவான செயற்கை நூல் இழுவைக்கு அசையாது, ஆனா விறைப்பா நிக்கும்போது புது பிளேடு பட்டா தெறிச்சுடும்.

அடி தட்டையானதும் பக்கவாட்டு ரெண்டையும் நேர் பிளேடால ஏறத்தாழ அளவுக்குக் கொண்டு வாங்க. அதுக்கப்புறம்தான் வளைவு. நுனிகளைக் கொஞ்சம் நெருக்கினா மேடு உயரும், தளர்த்தினா தட்டையாகும். வளைச்ச பிளேடை முன்னால இருந்து பின்னால ஒரே இழுப்புல, கூடவே லேசா பக்கவாட்டுல வழுக்கி இழுக்கணும். நேரா அமுக்கித் தள்ளாதீங்க. மான் முடி உள்ளே காத்து நிறைஞ்ச குழல். அமுக்கினா நசுங்கி வளையும், வழுக்கி இழுத்தா அறுபடும். டைவர் தலைக்குப் பின்னால நீளமா விடுற காலர் முடி வெட்டுப்படாம இருக்க, நீளவாக்குல கீறின ஸ்ட்ரா துண்டைக் கொக்கியோட வளைவுப் பக்கமா இருந்து ஏத்தி, காலரை உள்ளே அடக்கிட்டு வெட்டுங்க.

ஈரக்கல் எழுதியது:

"புது பிளேடு எதுவுமே போதும்" என்பது வரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா ஷேவிங்ல மூணு தடவை போன பிளேடும் மேசைக்குப் போதும். முகத்துல ஒரு துளி இழுவையும் தோல்ல தெரியும். முடித் தலைக்கு என்ன தெரியப் போகுது? வீணாக்க வேண்டாமேன்னுதான் சொல்றேன்.

மான்முடிக்கட்டு எழுதியது:

தலைக்குத் தெரியாது, தண்ணியில தெரியும். மழுங்கின பிளேடு பத்து முடியை வெட்டி, பதினொண்ணாவதை வளைச்சுத் தள்ளிட்டுப் போகும். மேசையில பாக்க மழமழன்னு இருக்கும். நனைஞ்சதும் வளைஞ்ச முடியெல்லாம் ஒவ்வொண்ணா நிமிர்ந்து மீசை மாதிரி நிக்கும். பழைய பிளேடுக்கு மேசையில வேலை இருக்கு. ஃபோம் வெட்ட, பழைய ஃப்ளையைப் பிரிக்க, நூல் மிச்சத்தைச் சீவ. மான் முடி மேடுக்கு மட்டும் வேண்டாம்.

எஃகுப்பட்டறை எழுதியது:

ஈரக்கல் நண்பரே, முடி எஃகைவிட எத்தனையோ மடங்கு மென்மையானது. அது எப்படிப் பிளேடை மழுக்கும் என்ற சந்தேகம் நியாயமானதே. 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. முனை தேய்ந்து உருண்டையாவதற்கு முன்பே அதில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. முடி வளைந்து கொடுத்துச் சாய்வாக முனையை அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் சில்லு தொடங்குகிறது. ஆகவே மூன்று ஷேவ் கடந்த பிளேடு சீராக மழுங்கிய பிளேடு அல்ல. ஆங்காங்கே பல் விழுந்த பிளேடு. மான்முடிக்கட்டு சொன்ன 'பதினொன்றாவது முடி' அந்தப் பல் விழுந்த இடத்தில்தான் தப்புகிறது.

இனி உடைப்பதைப் பற்றி. டபுள் எட்ஜ் பிளேடின் தடிமன் 0.1 மி.மீ.; நீளம் சுமார் 43, அகலம் சுமார் 22. நடுவில் நீளமான துளை இருப்பதால், இரு கடைசிகளில் உள்ள சிறு பாலங்கள் மட்டுமே இரு பாதிகளையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடைவது அந்த இரண்டு பாலங்கள்தான். கார்பன் எஃகுப் பிளேடு சற்று மடித்ததுமே 'டக்'கென்று நேராகப் பிரியும். ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் உள்ள ஸ்டெயின்லெஸ் பிளேடு இன்னும் கொஞ்சம் மடிந்து கொடுத்த பிறகே பிரியும். சில சமயம் பாலத்தில் சிறு பிசிர் நிற்கும். அந்தப் பிசிர்தான் விரலைக் கிழிக்கும்.

செய்முறை: பிளேடைக் காகித உறையோடு எடுங்கள். உறையைப் பிரிக்காமலேயே இரு கூர்முனைகளும் ஒன்றையொன்று நெருங்கும்படி நீளவாக்கில் மடியுங்கள். உடையும் சத்தம் இரண்டு முறை வரலாம், இரண்டு பாலங்களும் ஒரே கணத்தில் உடைவதில்லை. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பாதிகளைப் பிரித்து எடுத்ததும் ஒவ்வொன்றின் உடைந்த நுனியையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பால் மூடினால், பிடிக்கும் இடமும் கிடைக்கும், பிசிரும் அடங்கும்.

கொக்கிமுனை எழுதியது:

ரொம்ப நன்றி. அப்போ மேசைக்குக் கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் சுத்தமா உடையுதுன்னா அதுதானே வசதி?

எஃகுப்பட்டறை எழுதியது:

உடைப்பதற்கு வசதி, வளைப்பதற்கு அல்ல. நேர் வெட்டுக்குக் கார்பன் பாதி அருமையாக இருக்கும். இறுக்கமான வளைவுக்கு ஸ்டெயின்லெஸ் பாதுகாப்பு. சிறு மட்லர் தலைக்குத் தேவையான குறுகிய வளைவில் கார்பன் பிளேடு எச்சரிக்கை இல்லாமல் வெடிக்கக்கூடும். துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கார்பனுக்கு இன்னொரு குணம்: ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஷேவிங்குக்குப் பிறகு கழற்றி, உதறி, ஆல்கஹாலில் முக்கி உலரவைக்காவிட்டால் மறுநாளே முனையில் பழுப்புப் புள்ளி தெரியும்.

நுரைக்கிண்ணம் எழுதியது:

அதோட, ஸ்டெயின்லெஸ் பிளேடுல முனைக்கு மேல பூச்சு இருக்கும். டெஃப்லான் ரகப் பூச்சு, அதுக்கு அடியில குரோமியம், சிலதுல பிளாட்டினமும். வில்கின்சன் ஸ்வோர்ட் 1960களின் தொடக்கத்துல பூச்சு போட்ட ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டு வந்தப்புறம்தான் கார்பன் பிளேடுகள் ஓரங்கட்டப்பட்டுச்சு. முகத்துல இதமா வழுக்குறதுக்குப் பாதிக் காரணம் இந்தப் பூச்சுதான். அதனாலதான் ஷேவ் முடிஞ்சதும் துண்டால முனையைத் துடைக்கக் கூடாதுங்கறது. ரேசரைக் கொஞ்சம் தளர்த்தி, ஓடுற தண்ணியில ரெண்டு பக்கமும் அலசி, உதறி, காத்தாட வைங்க. அவ்வளவுதான்.

பட்டைநூல் எழுதியது:

மேசைப் பக்கம் ஒரு பொருளை யாரும் சொல்லலை. ஷாவெட் ரேசருக்குன்னே (பிளேடு மாத்திப் போடுற சவரக் கத்தி) ஏற்கெனவே பாதியா உடைச்ச பிளேடுகள் பெட்டியா விக்குது. உடைக்கிற தொல்லை இல்லை, பிசிர் இல்லை. அதே 0.1 மி.மீ., அதே வளைவு. மேசைக்கு நிறைய கட்டுறவங்களுக்கு இது நேர் வழி. ஷாவெட்டுக்குன்னு வர்ற நீளமான, தடிச்ச பிளேடு வேற சாதி, அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. அது வளையாது.

முயல் தோலைச் சாங்கர் பட்டையா (ஃப்ளையில கட்டுற, முடியோட இருக்கிற மெல்லிய தோல் பட்டை) அறுக்கவும் பலர் டபுள் எட்ஜ் பாதியையே எடுக்குறாங்க. அது எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு மெல்லிசு பிளேடு தோல்ல இறங்கும்போது பக்கவாட்டுல அலையும், பட்டை ஒரு இடத்துல 3 மி.மீ., அடுத்த இடத்துல 4 மி.மீ.ன்னு வரும். முதுகு மடிச்ச ஒற்றை முனை பிளேடு சுமார் 0.23 மி.மீ. தடிமன், நேரா நிக்கும். ரெண்டு பிளேடுக்கு நடுவுல 3 மி.மீ. இடைவெளிக்கட்டை வெச்சு இறுக்கிட்டா பட்டை ஒரே சீரா வரும். வெட்டுறது தோல் பக்கமா இருந்துதான். தோலை முடி கீழ பாக்கிற மாதிரி இழுத்துப் பிடிச்சு, மேசையில படாமத் தூக்கி, தோலை மட்டும் கீறணும். மேசையில வெச்சு அமுக்கினா அடியில இருக்கிற முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு, பட்டையில மொட்டை மொட்டையா நிக்கும்.

ஈரக்கல் எழுதியது:

சரி, மான் முடி மேடு விஷயத்துல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு கேள்வி. புது பிளேடு போட்டும் சில தலையில படிப்படியா கீறல் தெரியுது. அப்போ பிளேடுதான் மோசம்னு எப்படிச் சொல்றது?

மான்முடிக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி. இதுலதான் பலர் பிராண்டைத் திட்டிட்டுப் போயிடுறாங்க. சோதனை சுலபம். படி விழுந்த அதே இடத்துல, உறையில இருந்து அப்பத்தான் எடுத்த வேற பிளேடால ஒரே ஒரு இழுப்பு இழுங்க. படி மறைஞ்சா முதல் பிளேடு கோளாறு. மறுபடியும் படி விழுந்தா குறை கட்டுல இருக்கு, அதாவது முடி போதுமான நெருக்கமா இல்லை. விரல் நுனியால தலையை அமுக்குங்க. கார்க் மாதிரி எதிர்த்து நிக்கணும். பஞ்சு மாதிரி உள்ள போச்சுன்னா எந்தப் பிளேடாலயும் காப்பாத்த முடியாது. முடிக்குத் தாங்கல் இல்லாததால முனை முன்னால சாஞ்சு ஓடுது.

நெருக்கம் வர்றதுக்கு: பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து எடுங்க, அடி மயிரைச் சீப்பால முழுசா வாரி எடுங்க. அடி மயிர் தங்கினா முடி சுழலாது. தளர்வா ரெண்டு சுத்து, அப்புறம் நூலை இழுத்துக்கிட்டே மூணாவது சுத்து. கொத்து விரிஞ்சு தண்டைச் சுத்தி ஓடும். முன்னால ரெண்டு சுத்து நூல் போட்டு நிறுத்தி, பேக்கரால (முடியை நெருக்கித் தள்ளுற கருவி) பின்னோக்கித் தள்ளுங்க. தள்ளும்போது மத்தக் கை விரல்களால கொத்துக்குப் பின்னால தாங்கிப் பிடிக்கணும், இல்லைன்னா வாலும் சேர்ந்து நகர்ந்துடும். ஒவ்வொரு கொத்துக்கும் இது கட்டாயம். கடைசியில மொத்தமாத் தள்ளிக்கலாம்னு விட்டா முன் கொத்து மட்டும்தான் நெருங்கும்.

எத்தனை பிளேடு ஆகும்னா, சின்ன மட்லருக்கு ஒரு பாதி. பெரிய பாஸ் பக்குக்கு முழு பிளேடு, அதாவது ரெண்டு பாதி: ஒண்ணு முரட்டு வெட்டுக்கு, ஒண்ணு முடிவு வெட்டுக்கு. முரட்டு வெட்டுக்குப் போட்ட பாதியை அடுத்த பக்கோட முரட்டு வெட்டுக்கே வெச்சுக்கலாம். தலை சிமென்ட் (தலை முடிச்சு மேல பூசுற பசை) காயாத இடத்துல முனை படக் கூடாது. பட்டா பிசின் ஒட்டி அந்தப் பிளேடு அன்னிக்கே முடிஞ்சது.

நுரைக்கிண்ணம் எழுதியது:

பிசின்னு சொன்னதும் ஞாபகம் வருது. சில பிராண்டுல பிளேடு உறைக்குள்ள நகராம இருக்க நாலு மூலையிலயும் மெழுகு மாதிரி பசைப் புள்ளி வெச்சிருப்பாங்க. ஷேவிங்ல அது பெரிசாத் தெரியாது, வெந்நீர்ல போயிடும். மேசையில வெட்டின முடித் தூள் எல்லாம் அதுல ஒட்டிக்கும். பஞ்சுல தின்னர் தொட்டு, முதுகுல இருந்து முனைப் பக்கமாத் துடைங்க. எதிர்த்திசையில துடைச்சா பஞ்சும் போகும், விரலும் போகும்.

வாங்கும்போது இன்னொரு கவனம். உறையில இருக்கிற பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க, எந்த நாட்டுல செஞ்சதுன்னும் படிங்க. பெர்சோனான்னா அமெரிக்காவுல செஞ்சதும் இஸ்ரேல்ல செஞ்சதும் ஒரே பிளேடு இல்லை. வில்கின்சன் ஸ்வோர்டும் ஜெர்மனியில செஞ்சது ஒண்ணு, இந்தியாவுல செஞ்சது ஒண்ணு. ஒருத்தர் "பிரமாதம்"னு சொல்றதும் இன்னொருத்தர் "பாழ்"னு சொல்றதும் பல நேரம் ரெண்டு வேற பிளேடைப் பத்தித்தான். உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு தெரிஞ்சா, உறையைக் குப்பையில போடாம ஒண்ணை எடுத்து வைங்க. அடுத்த தடவை வாங்கும்போது அச்சு, மடிப்பு, நாட்டுப் பேர் எல்லாத்தையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடலாம். எழுத்து மங்கலா, உறை கோணலா மடிச்சிருந்தா போலியா இருக்கலாம். அதை முகத்துக்குப் போடவே போடாதீங்க.

கொக்கிமுனை எழுதியது:

இப்ப கணக்கு இப்படி வருது. ஷேவிங்குக்கு அஸ்ட்ரா பச்சை, ஃபெதர், பெர்சோனா மூணுலயும் அஞ்சஞ்சு. மேசைக்கு ஸ்டெயின்லெஸ் பாதிப் பிளேடு பெட்டி ஒண்ணு. நேர் வெட்டுக்கு கார்பன் ஒரு பாக்கெட். ஷேவிங்ல ஓய்ஞ்சதை ஃபோமுக்கும் பழைய ஃப்ளை பிரிக்கவும். சரியா?

மான்முடிக்கட்டு எழுதியது:

சரியா இருக்கு தம்பி. ஓய்ஞ்சதை மேசைக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னால சோப்புத் தண்ணியில அலசி, 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல முக்கிக் காய வைங்க. முகத்துல பட்ட ரத்தமும் தோலும் அதுல இருக்கும், மேசையில எப்படியும் ஒரு நாள் விரலைக் கீறத்தான் போகுது. எதிர்த்திசையில மட்டும் போகவே கூடாது. மான் முடி வெட்டின பிளேடு முகத்துக்குத் திரும்ப வரக் கூடாது. சாயம் போட்ட முடி, பதப்படுத்தின தோல், சிமென்ட், இதெல்லாம் தொட்ட முனை அது.

பழைய ஃப்ளையைப் பிரிக்கும்போது நூலை அடியில வெட்டாதீங்க, முதுகுப் பக்கம் தண்டு நெடுக ஒரு கீறு போடுங்க. வெட்டு உங்க விரல் பக்கம் வராம, கொக்கிக் கண்ணைப் பாத்து வெளிய போகணும்.

எஃகுப்பட்டறை எழுதியது:

ஒரு சேர்க்கை. உடைந்த பாலத்தின் சில்லுகள் மேசை விரிப்பிலும் முடித் தூளுக்குள்ளும் மறைந்துகொள்ளும், கையால் கூட்டாதீர்கள். பிளேடு ஸ்டெயின்லெஸ் ஆனாலும் காந்தத்தில் ஒட்டும் வகை எஃகுதான். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேசை மீது நகர்த்துங்கள். பையை உள்வெளியாகத் திருப்பினால் சில்லுகள் எல்லாம் பைக்குள். பாதிகளையும் சில்லுகளையும் போட மூடியில் கீறல் வைத்த தகர டப்பா ஒன்றை, கொக்கியைப் பிடித்திருக்கும் வைஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே 'கூரான பிளேடு' என்று எழுதி அப்புறப்படுத்துங்கள்.

பட்டைநூல் எழுதியது:

கொக்கிமுனை, பாதிப் பிளேடு பெட்டி வந்ததும் முதல் பிளேடை வளைக்குறதுக்கு முன்னால ஒரு துண்டு ஃபோம் மேல வெச்சு ரெண்டு விரலால நெருக்கிப் பாருங்க. எந்த இடத்துல விறைக்குதுன்னு விரலுக்குத் தெரியும். மான் முடியில அந்த எல்லைக்கு முன்னாலயே நிறுத்திக்கணும். அதுக்கு மேல குறுகின வளைவு வேணும்னா நெருக்காம, பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சு ரெண்டு மூணு இழுப்பா வெட்டுங்க.